பதினோராவது தற்காலிக அட்டை

ஆணையும் பெண்ணையும் விரும்புகிறவர்களுக்கு அந்த ஊரில் தற்காலிக அடையாள அட்டைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் சரியாகிவிடும் என்பது அலுவலகத்தின் நம்பிக்கை.

ஜெனிட்டா பதினோராவது முறையாகப் போனாள். நடைக்கூடம் போன தடவையைவிட ஒரு தெரு நீளம் கூடியிருந்தது. நடுவில் ஒரு பஸ் ஸ்டாப் வந்திருந்தது.

அதிகாரி அவளுடைய பழைய அட்டைகளைப் புரட்டினார்.

"ஸ்டீபன்னு ஒருத்தரோட ரெண்டு வருஷமா இருக்கீங்க. அப்ப சரியாயிடுச்சு."

"அவரு வந்ததால மத்தது போயிடல சார்."

"அப்ப அவர விட்டுடுவீங்க."

"எதுக்கு? நல்லா ரசம் வைப்பாரு."

'குழப்பத்தில் இருக்கிறார்' என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"பத்து தடவைக்கு மேல தற்காலிகம் கிடையாது. ரெண்டு விருப்பத்துல ஒண்ண இங்க ஒப்படைச்சிடணும். இல்லன்னா வீட்டுலேருந்து சாட்சி வேணும்."

"வீட்டுக்குத் தெரியாது சார்."

"கூப்பிட்டாச்சு."

மேசையின் கீழ் டிராயர் திறந்தது. நாகர்கோவிலிலிருந்து அம்மா இறங்கினாள். சேலை கசங்கவில்லை. கையில் ஒயர்கூடை.

ஜெனிட்டா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஐந்து வருடமாக போனில் சொல்ல வந்து, ஒவ்வொரு முறையும் "சாப்ட்டேம்மா" என்று முடித்துக்கொண்ட விஷயம்.

"அம்மா, எனக்கு ஆம்பளயும் பிடிக்கும். பொம்பளயும் பிடிக்கும்."

"இதச் சொல்லவா மக்கா இவ்வளவு தூரம் வரவச்ச?"

அம்மா கூடையிலிருந்து, வேறு பிள்ளைகளின் பெயர் ஒட்டிய இரண்டு உயிரியல் ரெக்கார்டு நோட்டுகளை எடுத்து அதிகாரி முன் வைத்தாள்.

"பிளஸ் ஒண்ணுல கூடப் படிச்ச ஷீபாவுக்குச் செம்பருத்தி வரஞ்சு குடுத்தா. பிளஸ் டூல சர்ச் கொயர்ல பாடுன பயலுக்குத் தவள. இவளுக்க ரெக்கார்டுல ஒரு கோடு கெடயாது, கேட்டியளா? நான்தான் போய் டீச்சர்ட்ட ஏச்சு வாங்குனேன்."

அதிகாரி இரண்டையும் தராசில் வைத்தார். தவளை தாழ்ந்தது.

"சமமா இல்லயே."

"சமமா இருக்கணும்னு யாரு சொன்னா?" என்றாள் அம்மா.

அதிகாரி விதிப்புத்தகத்தில் தேடினார். யாரும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஆய்வறிக்கைகளை எடுத்தார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜெனிட்டா போன்றவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், பெரும்பாலோருக்கு இது கடந்துபோகிற கட்டமல்ல என்று எழுதியிருந்தார்கள்.

"இத இங்க யாரும் பிரிச்சதே இல்ல" என்றார். 'நிரந்தரம்' என்று முத்திரை குத்தினார். தவளையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "நல்லா வரஞ்சிருக்கீங்க" என்றார்.

அம்மா திரும்ப டிராயரில் ஏறினாள்.

"சாப்ட்டியா மக்கா?"

"இல்லம்மா" என்றாள் ஜெனிட்டா. "காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் தாராளமாக இடம் இருந்தது.