தம்பிராசா விடாத மூச்சு

திருகோணமலைத் துறைமுகத்தில் மூச்சடக்குவதில் சுழியோடி தம்பிராசாவுக்கு நிகரான ஆள் பிறந்ததில்லை. 1985ஆம் ஆண்டு வைகாசி மாதம் அவர் இழுத்த மூச்சொன்றை 1993 வரை வெளியே விடவில்லை. இதை அவரே பல இடங்களில் சிரிக்காமல் சொல்லியிருக்கிறார். ஒருவரும் மறுக்கவில்லை. அந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெய் விலைக்கும் சவர்க்கார விலைக்கும் நடந்ததோடு ஒப்பிட்டால் இது நம்பக்கூடிய செய்தியாகவே இருந்தது. மற்ற மூச்சுகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவற்றால் அவர் கதைத்தார், சுருட்டுப் பிடித்தார், சங்கக்கடைப் பங்கீட்டு வரிசையில் சண்டைக்கும் போனார். அந்த ஒன்று மட்டும் நெஞ்சின் இடது பக்கத்தில், ஆளில்லாத அறையைப் பூட்டி வைத்ததுபோலத் தனியே இருந்தது. முழுநிலவுப் பறுவ நாளில் அது கொஞ்சம் பொங்கும். சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திறந்துவிட வேண்டிவரும். சந்திக் காவலரணான சென்றியில் நின்ற ஆமிக்காரன் நெஞ்சைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்டான். காற்று என்றார். தடைசெய்யப்பட்ட பொருட்களில் காற்று இல்லாதபடியால் போகவிட்டான்.

கப்பல்கள் தவறவிட்ட நங்கூரங்களைத் தேடி எடுத்துக்கொடுப்பதுதான் தம்பிராசாவின் தொழில். சுழியோடி தன் கயிற்றின் மேல்முனையை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். தன் அக்கா விதவையாவதை விரும்பாத ஒருவன் படகில் இருப்பது நல்லது என்பது அதன் நியாயம். தம்பிராசாவுக்குக் கயிறு பிடித்தவன் மனைவி பூரணியின் தம்பி சோமசேகரம். அவன் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவன். வெள்ளைக்காரர் வரத்து நின்று ஹோட்டல் மூடியதும் வாத்தியத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மச்சானின் படகுக்கு வந்தான். கீழே நிற்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். இழுத்து எடுத்தபிறகுதான் மூச்சை விடுவது. அந்த வைகாசி நாளில் தம்பிராசா அசைத்தார். கயிறு அவர் கைக்கே சுருண்டு வந்தது. நீந்தி மேலே வந்து பார்த்தால் படகில் சோமசேகரத்தின் தேத்தண்ணிப் போத்தல் மூடி திறந்தபடி இருந்தது. வேறொரு படகு வந்துபோன அலை இன்னும் அடங்கியிருக்கவில்லை.

முகாம், பொலிஸ் என்று விசாரித்த இடங்களிலெல்லாம் அப்படி ஓர் ஆளே இல்லை என்றார்கள். தம்பிராசா தன்பாட்டில் ஒரு முடிவுக்கு வந்தார். இழுத்து எடுக்கப்படாத சுழியோடி மேலே வந்ததாகக் கணக்கில்லை. ஆகவே அவர் இன்னும் கீழேதான் நிற்கிறார். கீழே நிற்பவன் மூச்சு விடமாட்டான். அதன்பிறகு ஷெல் விழும் சத்தம்கூட அவருக்குத் தண்ணீருக்குள் கேட்பதுபோல மங்கலாக, கொஞ்சம் பிந்திக் கேட்டது. எதைத் தின்றாலும் கடல் கரித்ததால் பூரணி அவருடைய கறியில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். ஊரில் செத்தவீடுகள் கூடின. அவர் எல்லாவற்றுக்கும் போனார், எல்லாவற்றிலும் ஒரே முகத்தோடு இருந்தார்.

அடுத்த ஆண்டு பூரணி கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை இழுத்தெடுத்தாள். ஊதாமல் கிடந்தால் துளைகளை மூடுகிற தோல் வட்டங்கள் ஒட்டிப்போகும் என்று தம்பி சொல்லக் கேட்டிருந்தாள். அவன் வரும்போது வாத்தியம் பழுதாகியிருக்கக்கூடாது. கழுத்தில் மாட்டும் வாரை எலி தின்றிருந்தது. ஆணியில் சும்மா தொங்கிய சுழியோடிக் கயிற்றில் இரண்டு முழம் வெட்டி வார் கட்டினாள். தம்பிராசா அன்று மிச்சக் கயிற்றின் வெட்டிய முனையை முடிந்து மறுபடி ஆணியில் மாட்டினார். மறுநாள்தான் கேலியைத் தொடங்கினார்.

"உள்ளுக்கு வைச்சிருக்கத்தான் கெட்டித்தனம் வேணும், பூரணி. வெளிய விட ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அதுக்கொரு படிப்போ?"

பூரணி படித்தாள். ரீட் என்கிற நாணல் சீவலை நாக்கில் நனைத்து, மேற்பல்லை வாய்முனையில் ஊன்றி, கீழுதட்டைப் பல்லின்மேல் மடித்து ஊதினால் முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு வாத்துச் சத்தம் வந்தது. பிறகு உண்மையான வாத்துகளே எங்கிருந்தோ வந்து வேலியடியில் நின்றன. பக்கத்து வீட்டு உம்மு குல்சும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பூரணியக்கா, இதுகள் முட்ட போட்டா எனக்கும் ஒண்டு தாங்க," என்றாள். பூரணி வாத்துகளுக்குத் தவிடு போட்டுவிட்டு மறுபடி ஊதினாள். கன்னம் வலித்தது, கீழுதடு புண்ணானது, தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள். தம்பிராசா அவளைப்போலவே பல்லை ஊன்றி உதட்டை மடித்துக் காட்டி, வருகிறவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். ஓர் ஆமி போய், இன்னோர் ஆமி வந்து, அதுவும் போய், முதல் ஆமி மறுபடி சந்தியில் நின்ற காலத்தில் பூரணி இடதுகை விரல்களைக் கடந்து வலதுகைக்கு வந்திருந்தாள். அவர் அதே நடிப்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். சிரிக்க வருகிற ஆட்கள்தான் குறைந்துபோனார்கள்.

தொண்ணூற்று மூன்றில் அவருடைய நகங்கள் நீலமாகின. ஆஸ்பத்திரியில் டொக்டர் குழாயை இடது நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே கிடப்பது பழைய காற்று, பழுதாகத் தொடங்கிவிட்டது, மழைக்காலத்துக்குள் வெளியே விடாவிட்டால் ஆளைக் கொண்டுபோகும் என்றார். மருந்து எழுதவில்லை. மருந்தும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூரணி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, டொக்டர் சொன்னது விளங்கினதோ?"

"ஓம். மச்சான் இழுக்கட்டும், விடுறன்."

"அவன் வராட்டி?"

"நான் கீழ நிக்கிறன். மேல என்ன நடக்குதெண்டு எனக்கென்னெண்டு தெரியும்?"

பூரணி அன்று ஊதவில்லை. மறுநாள் எடுத்தாள், இரண்டு சுரம் ஊதினாள், வாத்தியத்தைப் பெட்டியில் வைக்காமல் கதிரையிலேயே விட்டுவிட்டுச் சங்கக்கடைக்கு மாவுக்குப் போனாள். வீட்டில் இருந்த நல்ல கதிரை அது ஒன்றுதான். தம்பிராசாவுக்கு இருக்க வேண்டியிருந்தது. வாத்தியத்தை நிலத்தில் வைத்தால் அவள் ஏசுவாள் என்பதால், கையில் ஏந்திக்கொண்டிருக்கவும் ஏலாமல், கழுத்தில் மாட்டிக்கொண்டு இருந்தார். பித்தளையின் பாரம் மடியில் இறங்கக் கயிறு பிடரியில் இறுகியது. அவர் அசையாமல் இருந்தார். அது விடவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தது. கையை வைத்துப் பார்த்தார். அதே கயிறுதான்.

வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். உம்மு குல்சும் இல்லை. நாணலை நாக்கில் நனைத்தார், மேற்பல்லை ஊன்றினார், கீழுதட்டை மடித்தார். இத்தனை ஆண்டும் நக்கலுக்குச் செய்து பழகிய வாய் பிசகாமல் பொருந்தியது. விரல் வைக்கத் தெரியாது. சாக்ஸபோனில் ஒரு விசையையும் அழுத்தாமல் ஊதினாலும் ஒரு சுரம் வரும். அதுதான் வந்தது.

பூரணி மாவோடு திரும்பியபோதும் அது வந்துகொண்டிருந்தது. அவள் வாசல் படலையைச் சத்தம் வராமல் சாத்தினாள். பிறகு குசினிக்குள் போய்ப் பிட்டுக்கு மாக் குழைத்தாள். பொழுதுபட்டது, ஊரடங்கு போட்டார்கள், விடிய எடுத்தார்கள், சுரம் நிற்கவில்லை. சென்றியிலிருந்து இரண்டு பேர் வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டு, ஒரே சத்தம்தானே, இதில் செய்தி எதுவும் இருக்க ஏலாது என்று திரும்பிப் போனார்கள். கிண்ணியாத் தோணிக்காரர்கள் மூட்டமான காலையில் அதைக் கேட்டுக் கரை பிடித்தார்கள். உம்மு குல்சும் வேலிக்கு வந்து, இது எப்ப முடியும் என்று கேட்டாள்.

"எட்டு வருசத்து மூச்சு. கொஞ்சம் பொறுங்கோ," என்றாள் பூரணி.

"அப்ப சரி," என்றுவிட்டு அவள் உடுப்புத் தோய்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுரம் மெலிந்து, நூலாகி, நின்றது. வாத்தியத்தின் வாயிலிருந்து ஒரு கரண்டியளவு கடல்தண்ணீர் சொட்டியது. பூரணி பழந்துணியால் துடைத்தாள். சோமசேகரம் வரவில்லை. தம்பிராசா புதிதாக ஒரு மூச்சு எடுத்து, எல்லோரையும் போல உடனேயே விட்டார். கைகழுவி வந்து சாப்பிட இருந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கறிக்கு உப்பில்லை, பூரணி."

பூரணி உப்புப் போத்தலை எடுக்கக் குசினிக்குள் போனாள். கைக்கெட்டிய இடத்தில் இருந்த போத்தலை எடுத்துக்கொண்டு வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை அவர் சோற்றில் கை வைக்காமல் பார்த்திருந்தார். பிறகு, வாத்தியத்தில் முதலில் எந்த விரலை வைக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் காலை வேலியடியில் முன்னைவிடக் கூடுதலாக வாத்துகள் நின்றன. பூரணி தவிட்டை அதற்கேற்றபடி கூட்டிக் கரைத்தாள்.