பதிமூன்று நாள் வித்தியாசம்

வோலோஸ் நகரத்தில் கிரியாக்கியைப் போல வரலாற்றுப் புத்தகத்தை நெட்டுருப் போட்டவர்கள் யாருமில்லை. எந்தப் பக்கத்தில் எங்கே காற்புள்ளி என்று கேட்டாலும் சொல்வாள். அப்படியிருந்தும், நாடு முழுக்க ஒரே நாளில் எழுதுகிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், போன வருடம் வரலாற்றில் இருபதுக்கு ஒன்பதுதான் வாங்கினாள். கேள்வித்தாளில் இரண்டு பழைய ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். இவளோ ஆவணங்களை ஏறெடுத்தும் பார்க்காமல், புத்தகத்தில் நாலு பக்கத்தை அப்படியே கொட்டிவிட்டு வந்தாள். கிளிப்பிள்ளையிடம் போய் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் அது என்ன செய்யும், பாவம்.

இது இரண்டாவது முறை. இதிலும் கோட்டை விட்டால் மாமாவின் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. அவளுக்கோ ரெத்திம்னோ பல்கலைக்கழகத்துக்குப் போய் வரலாறு படிக்க வேண்டும்.

டுடோரியலில் லாம்ப்ரோஸ் சார் வருடம் முழுக்க ஒரே பாட்டைத்தான் பாடினார். "ஆவணத்தைப் பார்த்ததும் எழுத ஆரம்பிக்காதே. மூணு கேள்வி கேளு. யாரு எழுதினது? எப்போ எழுதினது? யாருக்கு எழுதினது? அப்புறம்தான் பேனாவைத் தொடணும்." கிரியாக்கி இதையும் நெட்டுருப் போட்டுவிட்டாள்.

அவள் வீட்டுச் சங்கதி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்பா ஸ்டெர்யோஸ் குளிர்பெட்டி ரிப்பேர் செய்பவர். கை புதுசு புதுசான எந்திரங்களைப் பிரித்தாலும், மனுஷர் பழைய பஞ்சாங்கம். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். அவர் போகிற கோயிலில் தேதி பதிமூன்று நாள் பின்னாலே நடக்கும். அம்மா மெல்ப்போ ஊரோடு ஒத்துப்போகிறவள். ஈஸ்டர் ஒன்றுதான் இருவருக்கும் ஒரே நாளில் வரும். மற்றபடி அம்மாவுக்கு டிசம்பர் இருபத்தைந்தில் கிறிஸ்துமஸ், அப்பாவுக்கு ஜனவரி ஏழில். மகளின் பெயர்நாளை, அதாவது அவள் பெயர் கொண்ட புனிதையின் திருநாளை, அம்மா ஜூலை ஏழில் தெருவையே கூப்பிட்டுக் கொண்டாடுவாள். அப்பா ஜூலை இருபதில் ஒரு பெட்டி கேக் வாங்கி வந்து, பால்கனியில் தனியாக உட்கார்ந்திருப்பார்.

பள்ளிக்கூடத்தில் இதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஏய், உங்க வீட்டுல இன்னைக்கு என்ன தேதி?" என்று பையன்கள் கேட்பார்கள். "உங்கப்பா போன வாரத்துலேருந்து இன்னும் வரலையா?" என்பாள் தோழி ராலூ. பன்னிரண்டு வயதில் கிரியாக்கி ஒரு முடிவெடுத்தாள். அந்த வருடத்திலிருந்து ஜூலை இருபது வந்தால் "வயிறு சரியில்லப்பா" என்று சொல்லி அறைக்குள் போய்விடுவாள். அப்பாவும் ஒன்றும் கேட்டதில்லை.

தேர்வு நாள். எட்டரைக்குக் கேள்வித்தாள் வந்தது. 1922 செப்டம்பரில் அகதிகள் கடல் தாண்டி வந்த கதை. கிரியாக்கிக்கு அத்தியாயம் முழுதும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு ஆவணங்களைப் படித்தாள்.

முதலாவது, ஒரு வெளிநாட்டுக் கப்பல் தலைவன் தீவுத் துறைமுகம் ஒன்றுக்கு எழுதிய கடிதம். செப்டம்பர் 14. "1,140 பேரை ஏற்றியிருக்கிறேன். நாளை புறப்படுகிறேன். இடம் தயார் செய்யவும்." இரண்டாவது, அந்தத் துறைமுக அதிகாரி தலைநகர் ஏதென்ஸுக்கு அடித்த தந்தி. செப்டம்பர் 3. "கப்பல் வந்தது. 1,141 பேர் இறங்கினர். பள்ளியிலும் கோயிலிலும் தங்கவைத்தேன். ரொட்டி தீர்ந்தது. மாவு அனுப்புக." அதிகாரியின் தந்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்று இரண்டு ஆவணங்களையும் வைத்து எழுத வேண்டும்.

யாரு, எப்போ, யாருக்கு? அடடா, கல்லுக்குள் தேரை போல உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே பொய்! பதினான்காம் தேதி இன்னும் கிளம்பாத கப்பல் மூன்றாம் தேதியே எப்படி வந்து சேரும்? ஆள் கணக்கிலும் ஒன்று கூடுதல். மாவுக்கு ஆசைப்பட்ட அதிகாரி வராத கப்பலை வந்ததாகச் சொல்லிவிட்டான். கிரியாக்கியின் பேனா பறந்தது. ஒன்றரைப் பக்கத்தில் அந்த மனிதரைக் கிழித்துத் தொங்கவிட்டாள். இந்த முறை புத்தகத்தைக் கொட்டவில்லை, ஆவணத்தைப் படித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமிதம்.

ஆனால் ஒரு எண் இடித்தது. கணக்கைக் கூட்டிச் சொல்கிறவன் ஏன் ஒரே ஒரு ஆளைக் கூட்டுகிறான்? மாவு வேண்டுமென்றால் நூறு பேரைக் கூட்டியிருக்கலாமே. ஒரு ஆளுக்கு எத்தனை ரொட்டி வந்துவிடும்? கடலில் ஒரு குழந்தை பிறந்திருந்தால்... பிறந்திருந்தால் இவன் ஒவ்வொரு தலையாக எண்ணியிருக்கிறான். எண்ணுகிறவன் எப்படிப் பொய்யனாவான்?

தேதிகளைத் திரும்பப் பார்த்தாள். கப்பல்காரன் வெளிநாட்டுக்காரன். அதிகாரி நம் ஆள். எப்போ எழுதினது? எப்போ? யாருடைய எப்போ?

*உங்க வீட்டுல இன்னைக்கு என்ன தேதி?*

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். கண்காணிப்பாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார். "இல்ல மேடம், நல்லா இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். புத்தகத்தில் ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு, யாரும் படிக்காத வரி, இந்தக் கிளிக்குத் தெரியும். 1923 பிப்ரவரி 15க்கு மறுநாள் மார்ச் 1 என்று அரசாங்கம் தேதியை மாற்றியது. 1923ல்! தந்தி அதற்கு முந்தின வருடத்தது. அன்றைக்கு நாடே அவள் அப்பாவின் பஞ்சாங்கத்தில் இருந்தது; வெளிநாட்டுக் கப்பல்காரன் போட்டதோ புதுத் தேதி.

அதிகாரியின் மூன்றோடு பதிமூன்றைக் கூட்டினாள். பதினாறு. கடிதம் எழுதி இரண்டாம் நாள் கப்பல் வந்துவிட்டது. அந்த மனிதர் அப்போதே எண்ணி, இடம் கொடுத்து, ரொட்டி கொடுத்து, தந்தியும் அடித்துவிட்டார். அட கடவுளே, எப்பேர்ப்பட்ட ஆளைப் போய்ப் பொய்யன் என்று எழுதிவிட்டேன்!

நாற்பது நிமிடம் மிச்சம். ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். அடித்தது அடித்ததுதான், திரும்ப வாங்க முடியாது. புதிதாக எழுதினாள்: யார் எந்த நாட்காட்டியில் எழுதினார், இரண்டையும் ஒன்றாக்கினால் வரிசை என்ன, ஒரு தலை ஏன் கூடியிருக்கலாம், தந்தி எதைச் சொல்லாமல் விடுகிறது. குழந்தை விஷயம் தன் ஊகம்தான், ஆவணத்தில் இல்லை என்றும் ஒப்புக்கொண்டாள். கடைசி வரிக்கும் மணிக்கும் சரியாக இருந்தது. தாளின் மூலையில் அவள் பெயரை மறைத்துக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள்.

வெளியே வாசலில் லாம்ப்ரோஸ் சார் கையில் போனோடு மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தார். டுடோரியலின் மாதிரி விடை அதற்குள் இணையத்தில் ஏறிவிட்டது. "சூப்பர் கேள்வி! தேதியைப் பார்த்தீங்கல்ல? அதிகாரி அண்டப்புளுகன்!"

"நானும் அதான் எழுதினேன்!" என்று ராலூ குதித்தாள். சுற்றி நின்ற எல்லோருமே அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

ஊரே ஒரு பக்கம், கிரியாக்கி ஒரு பக்கம். அடித்த ஒன்றரைப் பக்கம் கண்முன்னே வந்து போனது. "சார், அது பழைய தேதி" என்றாள்.

"எது?"

"தந்தி. 1922ல நாம இன்னும் மாறல சார். பதிமூணு நாள் கூட்டணும்."

சார் சிரித்தார். பிறகு விரலை மடக்கி எண்ணினார். எண்ண எண்ண முகம் வெளுத்தது. "ஐயய்யோ! இருபது வருஷமா ‘எப்போ’ன்னு கத்துறேனே! யாருப்பா ஆபீஸ்ல, அதை எடுங்க, உடனே எடுங்க!" என்று போனில் அலறிக்கொண்டே தெருவில் ஓடினார்.

அப்பா தெருமுனையில் வேனோடு காத்திருந்தார். கிரியாக்கி ஓடிப்போய் ஏறினாள். மூச்சு வாங்கியது. "அப்பா, பரீட்சையில உங்களைப் பத்திதான் கேட்டாங்க!"

"என்னைப் பத்தியா? குளிர்பெட்டி ரிப்பேரா?"

சொன்னாள். கையை ஆட்டி, எச்சில் தெறிக்க, ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். அப்பா வேனைக் கிளப்பாமலே கேட்டார்.

"அந்த அதிகாரி பேரென்ன?"

"போடலப்பா."

"பேர் இல்லாட்டி என்ன, நல்ல மனுஷன்" என்று சொல்லி, அந்த ஆளுக்காக மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜூன் கடைசியில் மதிப்பெண் வந்தது. வரலாற்றில் பத்தொன்பது புள்ளி நான்கு. ரெத்திம்னோவுக்குத் தாராளமாகப் போதும். மாமா கவுண்டருக்கு வேறு ஆள் பார்க்கத் தொடங்கினார்.

ஜூலை ஏழாம் தேதி காலையில் அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். "இன்னைக்கு வேணாம்மா. இந்த வருஷம் இருபதாம் தேதி" என்றாள் கிரியாக்கி. அம்மா அவளையும் அப்பாவின் மூடிய அறைக்கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எப்படியோ போங்க, நீயும் உங்கப்பாவும்" என்று மாவை எடுத்து உள்ளே வைத்தாள்.

இருபதாம் தேதி பால்கனி கொள்ளவில்லை. லாம்ப்ரோஸ் சார்கூட வந்திருந்தார். "பதிமூணு நாள் லேட்டா பார்ட்டி வைக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றாள் ராலூ.

"லேட் இல்லடி. எங்க வீட்டுல இன்னைக்கு ஜூலை ஏழு."

அப்பா வழக்கம்போல ஒரு பெட்டி கேக்தான் வாங்கியிருந்தார். இத்தனை பேர் வருவார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. திகைத்துப்போய் நின்றவரின் கையிலிருந்த பெட்டியைப் பிரித்து, கிரியாக்கி முதல் துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

அப்பா அவள் மெல்லுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வயிறு இப்போ பரவாயில்லையா, கண்ணு?" என்று கேட்டார்.