அட்மின் மட்டும் பேசலாம்

அப்பாவின் வலது பெருவிரலைப் பிடித்து அவருடைய போனில் அமுக்கினான் பத்மகுமார். திறக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அமுக்கினான். விடிகாலையில் போன உயிர், விரல் குளிர்ந்திருந்தது. போனுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை.

“வெரல ஒடச்சிராத மக்கா,” என்றாள் தலைமாட்டில் இருந்த அம்மா தாணம்மாள்.

போன் திறந்தாக வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபத்திரண்டு பேர். அட்மின் அப்பா தாணப்பன் ஒருவர்தான். நான்குவழிச் சாலைச் சண்டை குடும்பத்துக்குள் புகுந்த நாளில், அட்மின் தவிர யாரும் பேச முடியாதபடி குழுவைப் பூட்டிவிட்டார். இப்போது அவர் சாவையும் அவரேதான் அறிவிக்க வேண்டும்.

பூட்ட வைத்த புண்ணியவான் பத்மகுமார்தான். சாலை வேண்டுமென்று பேஸ்புக்கில் முழங்குகிறவன். வயல் போகிறதே என்று வரப்பில் நின்று அழுத சித்தப்பா நாராயணபெருமாளைப் படம் பிடித்து, ‘வளர்ச்சியின் எதிரி’ என்று போட்டான். நாற்பது லைக் தேறும் என்பது கணக்கு. நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் சித்தப்பாவைத் துரோகி என்றார்கள். எதிர்த்தரப்பு இவனைக் கைக்கூலி என்றது. கூலிதான் வந்தபாடில்லை. பயந்துபோய்ப் பதிவை அழித்தான். படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பா குலசேகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். தன் போனிலும் மகள் போனிலும் இந்த வீட்டு, சொந்தக்காரர் எண்கள் எல்லாவற்றையும் பிளாக் செய்தார். குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை.

“நாராயணன் வராம, ஒங்கப்பாவக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுக்கப் போகப்பிடாது,” என்றாள் அம்மா. “அவ்வோளுக்குக் கூடப்பொறப்புன்னு அவன் ஒருத்தன்தானே.”

“போனு தொறந்தாத்தானம்மா சித்தப்பாவுக்குச் சொல்ல முடியும்.”

“கொண்டா.” அவள் விரலை வைத்தாள். திறந்துகொண்டது. “ஓ.டி.பி. பாக்க என் வெரலையும் பதிஞ்சி வச்சிருந்தாவ.”

“இத மொதல்லயே சொல்லப்பிடாதா?”

“நீ கேட்டியா?”

கண் கலங்க அவசரமாகத் தட்டி அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் பார்த்தான். அப்பா எழுதி, அனுப்பாமல் விட்டிருந்ததும் சேர்ந்து போயிருந்தது.

‘நாராயணா, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. தீயல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ரோட்டைப் பற்றி ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது. பத்மன் ஒரு கிறுக்கன், மனசில் வைக்காதே. அப்பா இன்று அதிகாலை காலமானார். மாலை நான்கு மணிக்கு எடுக்கிறோம்.’

அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது. பூட்டிய குழுவிலும் ரியாக்‌ஷன் போடலாம்; கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. பழக்கதோஷத்தில் யாரோ ஒரு கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். எல்லோரும் பேசலாம் என்று குழுவைத் திறந்துவிட்டான். எட்டு மாதமாகப் பேசத் தவித்தவர்களில் ஒருவரும் பேசவில்லை.

மூன்றரை ஆயிற்று. தங்கை மாப்பிள்ளை அனில்குமார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். “அத்தான், கொடம் ரெடி. எல்லாரும் நிக்காவ. இன்னும் எவ்ளோ நேரம்?”

திரையில், நாராயணபெருமாள் டைப் செய்கிறார் என்று வந்தது. மறைந்தது. திரும்ப வந்தது.

“அஞ்சு நிமிசம்டே.”

மறுபடி மறைந்தது. பத்மகுமார் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். திரை மங்கி அணைந்தது.

அவன் கேட்காமலே அம்மா விரலை நீட்டினாள்.