காக்கா வராத திதி

ஆண்டாளின் மகன் அஜித் ஐந்து வயதில் காய்ச்சலில் போய்ப் பதினோரு வருடமாகிறது. அவன் திதியன்று காக்கா சோறெடுக்காமல் அவள் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கமாட்டாள். இன்று மணி மூன்றாகியும் மாடியில் வைத்த சோறு அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. "கா... கா..." என்று கூப்பிட்டே அவள் கணவர் கந்தசாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"அண்ணன் கத்துற கத்துல காக்காவெல்லாம் கோமுகி டேமுக்கே ஓடியிருக்கும்," என்றாள் நாத்தனார் எழில்மதி. அவள் நர்ஸ். "நீங்க வந்து சாப்புடுங்க அண்ணி."

"புள்ள இன்னும் சாப்புடலியேம்மா. எம்மேல இன்னா கோவமோ."

எழில்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயித்துல இருக்கும்போது புள்ளையோட உயிரணு கொஞ்சம் தாய் ஒடம்புக்குள்ள போவும் அண்ணி. பெத்தப்புறமும் பல வருசம் அங்கியே உசுரோட இருக்கும்."

"எனக்குள்ளயா? இப்பவுமா?"

"இருக்கலாம் அண்ணி. ஆராய்ச்சில பாத்துருக்காங்க."

ஆண்டாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ கண்ணு! அப்ப காலைலேர்ந்து உன்னப் பட்டினி போட்டது நாந்தானா?"

அவசரமாக இலை முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த வடைய வையி எழிலு. அவனுக்கு வடைன்னா உசுரு."