கூப்பிட

அறிக்கையின் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் பதினொரு வரிக்கு நீண்டு கிடந்தது. மொழிபெயர்ப்புக்காரி அதை மூன்றாவது முறையாகப் படித்துவிட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு காரணத்துக்கும் கீழே ஒரு கோடு போட்டு, அது எந்தக் காரியத்தைச் சுமக்கிறதோ அந்தக் காரியத்தை நோக்கி ஓர் அம்புக்குறி இழுப்பது அவள் வழக்கம். பதினெட்டு வருடத் தொழிலில் அவள் கண்டுபிடித்த ஒரே வித்தை அதுதான். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறவர்கள் முடிவை முதலில் போட்டு உடைத்துவிடுவார்கள். ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லி முடித்த பிறகுதான், ஏன், ஏன், அதுவும் ஏன் என்று ரயில் பெட்டி போலப் பின்னால் கோத்துக்கொண்டே போவார்கள். ஒன்றுக்கு 'பிகாஸ்', அதைத் தாங்கும் இன்னொன்றுக்கு 'சின்ஸ்', கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று தோன்றினால் 'ஆஸ்'. தமிழில் அந்த ரயிலைக் கடைசிப் பெட்டியிலிருந்து பின்னோக்கி இழுத்து வர வேண்டும். ஆள் இறந்த செய்தி இறுதிச் சொல்லில்தான் வரும். கேட்பவர்கள் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

இந்த அறிக்கை ஒரு காகிதக் கிடங்கைப் பற்றியது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய காகித உருளைகளை அடுக்கி வைக்கும் கிடங்கு. கீழ் உருளைக்கு முட்டுக்கொடுத்திருந்த மரஆப்பு வழுக்கியதால் அடுக்கு சரிந்தது. தரை ஈரமாக இருந்ததால் ஆப்பு வழுக்கியது. கூரையில் மழைத்தண்ணீர் வடிகிற தகரக் கால்வாய் அடைத்திருந்ததால் தரை ஈரமானது. அதைச் சுத்தம் செய்ய வேண்டியவர் இரண்டு வாரமாக விடுப்பில் இருந்ததால் அடைத்திருந்தது. இதுவரைக்கும் அம்புகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருந்தது ஒன்றுதான். சரிந்த இடத்தில், நசுங்கி இறந்துபோன அந்த முப்பத்து நான்கு வயதுத் தொழிலாளி ஏன் நின்றார்? தேநீர் இடைவேளைக்கு மற்ற மூன்று பேருடன் வாசல்வரை போய்விட்டவர் ஏன் திரும்பி உள்ளே நடந்தார்? அதற்கு அறிக்கையில் நான்கைந்து சொற்கள்தான். 'ஆஸ்' என்று தொடங்கி, அவருடைய மனைவி கூப்பிட்டார் என்று முடிந்தது.

அந்த 'ஆஸ்' கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். 'போது' என்றும் வைத்துக்கொள்ளலாம், 'அதனால்' என்றும் வைத்துக்கொள்ளலாம். கூப்பிட்டபோது திரும்பினார் என்று எழுதினால் மனைவியின் குரல் வெறும் கடிகாரம். கூப்பிட்டதால் திரும்பினார் என்று எழுதினால் அத்தனை காரணங்களுக்கும் மேலே அவள் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தவர் இறந்தவரின் அப்பா. கண்ணில் புரை விழுந்தவர், படியைத் தடவித் தடவித்தான் மாடி ஏறி வந்தார். "நீங்களே வீட்டுக்கு வந்து படிச்சுக் காட்டணும்மா. ஊர்ல ஆளுக்கொரு கதை சொல்றாங்க. என் மருமக போன் பண்ணித்தான் அவன் உள்ள போனான்னு சொல்றாங்க. நான் அவகூடப் பேசி ரெண்டு மாசமாச்சு. காகிதத்துல அவதான் காரணம்னு இருந்தா, அவ என் வீட்டுல இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மொழிபெயர்ப்புக்காரி, அறிக்கையை எழுதிய ஆய்வாளருக்குப் போன் செய்தாள். எதைச் சொன்னாலும் அதற்கு முந்தைய காரணத்தைக் கேட்பார் என்பதால் கிடங்குத் தொழிலாளர்கள் அவருக்கு 'ஏன் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நாலாம் பக்கத்துல ஒரு 'ஆஸ்' இருக்கு சார்."

"யாராவது கேப்பாங்கன்னு தெரியும்" என்றார் ஆய்வாளர்.

"போன்ல கூப்பிட்டாங்களா?"

"போன் லாக்கர்ல இருந்துச்சு, அணைச்சு வெச்சிருந்தாரு. நானே பாத்தேன்."

"நேர்ல வந்தாங்களா?"

"வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்மா. எட்டு கிலோமீட்டர்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கூட இருந்த மூணு பேரையும் தனித்தனியா உக்கார வெச்சுக் கேட்டேன். ஒரு சொல் மாறல. வாசல்கிட்ட வந்த மனுஷன் டக்குன்னு நின்னுருக்கார். உள்பக்கம் பாத்து 'இதோ வரேன்'னு சொல்லியிருக்கார். யாருடான்னு கேட்டதுக்கு, 'வீட்டுல கூப்பிடுறா'ன்னு சிரிச்சுக்கிட்டே நடந்திருக்கார். மத்தவங்க காதுல ஒண்ணும் விழல."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"கூப்பிட்டேன்னுதான் சொல்றாங்க. அதுதான் காரணம்னு எழுத எனக்குத் தைரியம் வரல. எழுதாம விடவும் மனசு வரல. அந்த மொழியில அதுக்குன்னே ஒரு சொல் இருக்கு, போட்டுட்டேன். இனி உங்க பாடு."

மறுநாள் மதியம் மனைவியே வந்தாள். கீழே தையல்கடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, மேசை மேலிருந்த பென்சில்கள் அந்த அதிர்வில் மெல்ல உருண்டன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவள் சுற்றி வளைக்கவில்லை.

"பரண்ல இருந்த போர்வைப் பெட்டியை எடுக்கலாம்னு ஸ்டூல்ல ஏறினேங்கா. எட்டல. 'இந்தாங்க, கொஞ்சம் வாங்களேன்'னு கூப்பிட்டுட்டேன். பழக்கதோஷம். அப்புறந்தான் அவர் காலையிலயே வேலைக்குப் போயாச்சேன்னு உறைச்சுது. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. ரேடியோவுல மணி பதினொண்ணுன்னு சொன்னாங்க."

உருளைகள் சரிந்த நேரம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பதினொன்று கழிந்து இரண்டு நிமிடம். மொழிபெயர்ப்புக்காரி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் குப்புற வைத்தாள்.

"அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை" என்று வந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள். "ஏறினா ஆடிக்கிட்டே இருக்கும். நான் சிரிச்சேன்ல, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல ஆட்டம் நின்னுடுச்சு. யாரோ கீழ கெட்டியாப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. பெட்டி கைக்கு வந்துடுச்சு. கீழ பாத்தா யாரும் இல்ல."

மொழிபெயர்ப்புக்காரி மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பது போல எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள். பிறகு, "பயப்படாதீங்க. கூப்பிட்டபோதுன்னு போட்டுடறேன். அதுல தப்பில்ல, அந்தச் சொல்லுக்கு அப்படியும் அர்த்தம் உண்டு. உங்க தலையில ஒண்ணும் விழாது" என்றாள்.

"வேணாங்கா. கூப்பிட்டதாலன்னு எழுதுங்க."

"உங்க மாமனார் உங்களை வீட்டைவிட்டே அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டும்." அவள் கண் கலங்கவில்லை. அதுதான் பார்க்க என்னவோ போல இருந்தது. "அப்போன்னு எழுதினீங்கன்னா, நான் ஒரு பக்கம் கத்தினேன், அவர் ஒரு பக்கம் திரும்பினார், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆயிடும். என் குரல் அவருக்குக் கேட்டுச்சுக்கா. ஒம்போது வருஷமா மூணு தடவை கூப்பிட்டாத்தான் அசைவார். அன்னிக்கு ஒரே சத்தத்துல வந்தார். அதை எங்கிட்டேருந்து எடுத்துடாதீங்க."

அவள் போன பிறகு வெகுநேரம் காகிதம் காலியாகவே இருந்தது. மொழிபெயர்ப்புக்காரி கூப்பிட்டதால் என்று எழுதி அழித்தாள். கூப்பிட்டபோது என்று எழுதி அழித்தாள். அழித்து அழித்துக் காகிதம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. கடைசியில், 'மனைவி கூப்பிட, அவர் திரும்பினார்' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். மழை பெய்யக் குளம் நிறைந்தது என்றால் மழைதான் காரணம். மணி அடிக்க அவன் வந்தான் என்றால் மணியால் வந்தானா, மணியோடு வந்தானா, யார் கண்டது? ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான் உண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனாள். கிழவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் உள்ளறைக் கதவில் சாய்ந்து நின்றாள். மொழிபெயர்ப்புக்காரி நிதானமாகப் படித்தாள். வாக்கியத்தில் முதலில் விடுப்பில் போனவர் வந்தார், அடைத்த தகரம் வந்தது, ஈரத் தரை வந்தது, வழுக்கிய ஆப்பு வந்தது. மனைவி கூப்பிட அவர் திரும்பினார் என்ற இடத்தில் கிழவர் கையைத் தூக்கினார்.

"நில்லுங்க. கூப்பிட்டப்பவா, கூப்பிட்டதாலயா?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள். காகிதத்தில் பதில் இல்லை என்பது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"நான் கூப்பிட்டேன், மாமா. அவர் வந்தார்" என்றாள் மருமகள்.

இரண்டு மாதத்தில் முதன்முறையாகக் கிழவர் அவள் முகம் இருந்த பக்கம் திரும்பினார். "எங்கேருந்து கூப்பிட்ட?"

"இந்த உள்ளறையிலிருந்து. பரணுக்குக் கீழ, ஸ்டூல்ல நின்னு."

"கத்திக் கூப்பிட்டியா?"

"இல்ல மாமா. சாதாரணமாத்தான்."

கிழவர் யோசித்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, செருப்பைக் காலால் துழாவி மாட்டினார். "நான் தெருமுனைக்குப் போறேன். எனக்குக் காது மந்தம், அது வேற விஷயம். அன்னிக்கு எப்படிக் கூப்பிட்டியோ அப்படியே கூப்பிடு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். எட்டு கிலோமீட்டராம்! தெருமுனைக்காவது கேக்குதான்னு பாத்துடுவோம்." கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். கடைசியில் குரல் கெஞ்சுவது போல ஆகிவிட்டது.

மொழிபெயர்ப்புக்காரி காகிதங்களோடு வாசலில் வந்து நின்றுகொண்டாள். தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் இரண்டு பக்கச் சுவர்களிலும் அப்பிக் கிடந்தது. கிழவர் சுவரைத் தடவிக்கொண்டே முனைவரை போய், குறுகலான நடைபாதையில் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

உள்ளே மருமகள் கூப்பிட்டாள். "இந்தாங்க, கொஞ்சம் வாங்களேன்." நாலடி தள்ளி நின்றவளுக்கே பாதிதான் காதில் விழுந்தது. பக்கத்தில் இருப்பவரிடம் கத்தரிக்கோலை எடுத்துத் தரச் சொல்வது போன்ற குரல், அதில் துக்கம்கூட இல்லை.

கிழவர் அசையவில்லை. மொழிபெயர்ப்புக்காரி அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

பிறகு அவர் தலை மெல்ல நிமிர்ந்தது. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, கிடங்கிலிருந்து ஆற்றுப் பாலம் வழியாக வரும் சாலையின் பக்கம் திரும்பியது. கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, குறுகிய நடைபாதையில் எதிரே அவசரமாக வருகிற ஒருவருக்கு வழிவிடுவது போல, சுவரோடு சுவராக ஒட்டி ஒதுங்கி நின்றார். அவருடைய முகம் மட்டும் எதையோ பின்தொடர்ந்து, ஒவ்வொரு வாசலாகக் காலித் தெருவைக் கடந்து, வீட்டை நோக்கித் திரும்பிக்கொண்டே வந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காகிதங்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓரடி விலகி வழிவிட்டாள்.