அஞ்சலாட்சி படியேறும் வீடியோ

முதலியார்பேட்டையில் மாடி வீட்டில் குடியிருந்த சிவசங்கரி, மருந்துக்கடை வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாள். கால் தாங்கித் தாங்கி நடக்கும் ஒரு பெண், துணி வாளியோடு மாடிப்படி ஏறுகிற காட்சி. அதற்காக, முட்டிவலியால் அப்படியே நடக்கும் தன் அம்மா அஞ்சலாட்சி படியேறுவதைப் பின்னாலிருந்து செல்போனில் எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்தே வரைந்தாள். எடுத்தது அம்மாவுக்குத் தெரியாது.

பாதி முடிந்ததை, அனிமேஷன்காரர்கள் கூடும் இணையக் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்டாள். குழுவில் எல்லோரும் மதிக்கும் பிரேம்குமார், உடம்பின் பாரம் காலில் இறங்கவே இல்லை, இப்படி யாரும் நடக்க மாட்டார்கள் என்று எழுதினார். அவளுக்குச் சுருக்கென்றது. யோசிக்காமல் அந்த வீடியோவையே கீழே போட்டாள்.

பிரேம்குமார், தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு வீடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்து என்றான் ஒருவன். படத்தைவிட இதுதான் காமெடி என்றான் இன்னொருவன். இது என் அம்மா என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. கோபித்துக்கொண்டால் விமர்சனம் தாங்காதவள் என்பார்களே என்று, தானும் ஒரு சிரிப்பு எமோஜியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீழ்வீட்டு சுமலதாவும் அனிமேஷன் படிப்பவள். அதே குழுவில் இருந்தாள். மத்தியானம் வந்து அம்மாவிடம் வீடியோவைக் காட்டி, எழுதியிருந்ததையெல்லாம் படித்தும் சொல்லியிருந்தாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்ல பொடவையா கட்டிக்கினு ஏறியிருப்பேன்” என்றாள் அம்மா. இன்னொரு கீரைக்கட்டைப் பிரித்தபடி, “நீயும் சிரிச்சியாமே?” என்று கேட்டாள்.

குரலில் கோபமே இல்லை. சிவசங்கரிக்கு அதுதான் தாங்கவில்லை. உள்ளே போய் வீடியோவை நீக்கினாள். அது என் அம்மா, கேட்காமல் போட்டேன், உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன் என்று எழுதினாள். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். வாத்து என்றவன் சத்தமில்லாமல் தன் வரியை அழித்துவிட்டான். அதையெல்லாம் வந்து சொன்னபோது அம்மா, சரி விடு, சாப்பிடு என்றாள்.

மறுநாள் முட்டியைக் காட்டக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு இருவரும் கிளம்பினார்கள். எப்போதும் அம்மா முன்னால் போவாள். வண்டி எதுவும் இடித்துவிடாமல் மகள் பின்னால் வருவாள். அன்று தெருமுனையில் அம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

“நீ முன்னாடி போ” என்றாள்.

சிவசங்கரி முன்னால் நடந்தாள். பஸ் ஸ்டாப் வரை திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.