வீட்டு போன்

எங்கள் அணையின் கட்டுப்பாட்டு அறையில் எந்த விதிப் புத்தகத்திலும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. மதகு திறப்பதென்று முடிவானால், சைரன் அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் பணியில் இருப்பவர்கள் ஆளுக்கொரு முறை வீட்டுக்குப் பேசிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் வீட்டு போன். சைரன் அடித்துவிட்டால் ஆற்றுப் பாலத்தில் கூட்டம் முண்டியடிக்கும். நம் ஆட்கள் அதற்குள் மேட்டில் ஏறிவிடட்டும் என்று எந்தப் புண்ணியவானோ ஆரம்பித்து வைத்தது. பதினோரு வருஷமாக மதகு இயக்கும் நான் அதில் ஒரு தப்பும் கண்டதில்லை.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னலுக்கு வெளியே மழை தவிர ஒன்றும் தெரியவில்லை. நீர்மட்ட முள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. என்னுடன் இருந்தவன் எலக்ட்ரீஷியன் சோடாபுட்டி. மூக்குக் கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், அவனுக்குப் பேச்சு வரும். ஒரு மாதமாக நூலகத்திலிருந்து பழைய பிரளயக் கதைகளாக எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தான்.

"எல்லா தேசத்துலயும் இந்தக் கதை இருக்குக்கா. ஒரு இடத்துல மீன் வந்து சொல்லுது. இன்னொரு இடத்துல சாமி சுவருக்குச் சொல்ற மாதிரி சொல்றாரு, சுவருக்குப் பின்னாடி இருக்கறவன் கேட்டுக்கறான். எப்பவும் ஒருத்தனுக்குத்தான் தகவல். அவன் படகு கட்டுறான், பொண்டாட்டி புள்ளைய ஏத்துறான், கதவைச் சாத்திடுறான்."

"அதனாலதானே பொழைச்சான்?"

"அவன் பொழைச்சான். பக்கத்து வீட்டுக்காரன்?"

"மனுஷங்க கெட்டுப்போனதாலதான் வெள்ளமே வந்துச்சு."

"தொட்டில்ல கிடந்த குழந்தையுமா கெட்டுப்போச்சு?"

"வாயை மூடுடா. மட்டத்தைப் பாரு," என்றேன்.

மூன்றேகாலுக்குப் பெரிய இன்ஜினியர் போனில் பேசினார். மூன்றரைக்கு சைரன், நாலு மணிக்கு ஐந்து மதகையும் முழுதாகத் திறக்க வேண்டும் என்றார். ஐந்தையும் முழுதாகத் திறந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீடு ஆற்றோரத் தெருவில், மாடியில். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் கணவர், ஏழு வயசு மகள். கீழ்வீட்டில் ஓர் அக்கா இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தாள். பகலில் துணைக்கு ஆளில்லை. படுத்தபடியே என் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள்.

வீட்டு போன் எடுத்தேன்.

"பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உடனே வண்டியை எடுங்க. பாலம் தாண்டி மேட்டுக்குப் போயிடுங்க."

"கீழ்வீட்டு அக்கா?"

"சைரன் அடிச்சதும் நாலு பேர் வந்து தூக்கிடுவாங்க. இப்ப யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தெருவே கிளம்பிட்டா நீங்களும் பாலத்துல மாட்டிக்குவீங்க."

"சரி" என்று இழுத்தார். அந்தச் "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றரைக்கு சைரன் பொத்தானை அழுத்தினேன். ஆறு ஊர்களுக்கு ஆறு விளக்கு எரிய வேண்டும். ஐந்துதான் எரிந்தன. எரியாதது எங்கள் ஊருக்கானது; அங்கே ஆற்றோரமாக இருப்பது எங்கள் தெரு ஒன்றுதான். மறுபடி அழுத்தினேன், குத்தினேன். இணைப்புப் பெட்டியைப் பார்க்க ஓடிய சோடாபுட்டி சொட்டச் சொட்ட நனைந்து திரும்பினான்.

"லைன் செத்துப்போச்சுக்கா. எங்கேயோ கம்பம் சாஞ்சிருக்கணும்."

போலீசைக் கூப்பிட்டால், வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கீழ்வீட்டு அக்காவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அது சமையலறையில் சார்ஜில் கிடக்கும், அவள் கட்டிலில் கிடப்பாள். அக்கம்பக்கத்தில் எனக்குத் தெரிந்த வேறு இரண்டு எண்களும் கிடைக்கவில்லை. நாற்பது வீட்டில் விஷயம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரையும் நானே வெளியேற்றியிருந்தேன்.

கணவர் முதல் மணியிலேயே எடுத்தார். "பாலம் தாண்டிட்டோம். பஸ் ஸ்டாப்புல நிக்கிறோம். பாப்பா நனைஞ்சுட்டா, அவ்வளவுதான்."

அப்படியே போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே நினைத்தேன்.

"நம்ம தெருவுல சைரன் அடிக்கல. யாருக்கும் தெரியாது. நீங்க திரும்பிப் போங்க."

"பாப்பா?"

"பக்கத்துல எந்தப் பொம்பளை நிக்கிறாங்களோ அவங்க கையில பிடிச்சுக் குடுங்க. நாலு மணிக்குத் திறக்கணும். தண்ணி அங்க வர இருபது நிமிஷம் ஆகும். ஒவ்வொரு கதவா தட்டுங்க."

"அப்பா, போகாதப்பா" என்று மகள் அலறுவது கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பெரிய இன்ஜினியரிடம் பத்து நிமிஷம் கேட்டுக் கெஞ்சினேன். "கரை ஏற்கெனவே கசியுதும்மா. உடைஞ்சா உங்க தெரு மட்டுமில்ல, ஆறு ஊரும் போயிடும்," என்றார். என்னால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

"நான் திருப்பட்டுமாக்கா?" என்றான் சோடாபுட்டி.

"வேணாம்டா."

ஐந்து சுவிட்சுகளையும் நானே திருப்பினேன். தரை அதிர்ந்தது. புருஷன் எந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று தெரியாமலே அவர் மேல் ஆற்றைத் திறந்துவிட்டேன். இத்தனை நாள் கும்பிடாத சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லாதே, அந்தத் தெருவுக்குச் சொல் என்று வாய்விட்டுக் கேட்டேன். சோடாபுட்டி அதற்குப் பிறகு கதை பேசவில்லை.

நாலு இருபது ஆனது. கணவரின் போன் அணைந்திருந்தது. நாலரை ஆனது. நாற்காலியில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஐந்து மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கீழ்வீட்டு அக்கா.

"அழாதடி. உன் வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. போன் தண்ணில போயிடுச்சு. கதவு தட்டித் தட்டிக் கை ரெண்டும் வீங்கிக் கிடக்கு. என்னைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. எல்லாரும் ஏறியாச்சு, கடைசி ஆளுங்களுக்கு இடுப்பளவு தண்ணி. உன் பொண்ணு என் பக்கத்துல சுருண்டு படுத்திருக்கா."

நான் மேஜையில் தலையை வைத்து விம்மினேன். அவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்டி. சைரன் அடிக்கலைங்கறாங்க. ஆனா மூணரைக்கு முன்னாடியே உங்க வண்டி கிளம்புன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பாப்பா எப்பவும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போவா. இன்னிக்குச் சொல்லலை. ஏதாச்சும் அவசரமாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எனக்கு ஒரு வழி விட்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"பாப்பா, இந்தப் பக்கம் திரும்பிப் படுடா" என்று அவள் என் மகளிடம் சொல்வது கேட்டது. போனை வைக்கவில்லை.